கிராபிக்ஸின் மெசினும் ஒரு டீ குடிக்கும் நேரமும்

வந்த ஆளை விரட்டுவதற்கென்றே கடை திறந்து வைத்திருந்தவர், பொன்னமராவதியில் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். கிராபிக்ஸ். பெற்றவர்கள் வைத்த பேர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாண ஆல்பம், பிளக்ஸ், வீட்டு பிளான் என்று படவேலை செய்கிறவர்களுக்காகவே பெரிய பெரிய கம்ப்யூட்டர்களைத் தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுப்பார். என் இட்லிக் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

ஒருவர், மகள் காலேஜுக்கு என்று கம்ப்யூட்டர் கேட்டு வந்தார்.

"பாப்பா என்ன வரையும்?"

"வரையாதுங்க. டைப் அடிக்கும்."

"அதுக்கு எதுக்குங்க இது? மாங்கா பறிக்க கிரேனா கொண்டாருவீங்க? எதுத்த கடைக்குப் போங்க, பாதி வெலைக்கு லேப்டாப்பு கெடைக்கும்."

வழியும் காட்டி அனுப்பிவிட்டு என்னிடம் வந்து புலம்புவார். "பாருங்க ஆத்தா, எதுத்த கடையில என்னா கூட்டம்!"

பூட்டிய மெசினை உடனே கொடுத்துவிடவும் மாட்டார். நாள்கணக்கில் ஓடவிட்டு, டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்பார். அறையே அனலாக இருக்கும். ஒரு மார்கழியில் என் மாவு பொங்குவேனா என்றது. சட்டியோடு போய் மெசின் பக்கத்தில் வைத்தேன்.

"ஆத்தா! இது வொர்க்ஸ்டேசன். அடுப்பில்ல."

"சூடு வருதுல்ல? சும்மா இருய்யா."

முறைத்தார். மறுநாள் அவரே, "இங்கிட்டு வைங்க, இந்தப் பக்கந்தான் காத்து சூடா வருது" என்றார். அப்புறம் சாப்பிட வந்தவர்களிடமெல்லாம், "இட்லி எப்படி? நம்ம மெசின்ல பொங்குனது" என்று ஒரே பெருமை.

பிறகு, போனிலேயே பிளக்ஸ் போடும் காலம் வந்தது. கிராபிக்ஸ் கடையில் ஈ ஓட்டினார். கடைசியாக, கீரனூரிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார். ஸ்டுடியோ முழுக்கப் புது மெசின் போட வேண்டுமாம். அது கிடைத்தால் கடை நிற்கும், இல்லையென்றால் ஷட்டர்தான். ஆனால் அந்த மனுசன், மலிவு கம்ப்யூட்டர் ஒன்றையும் காரில் கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டுலயும் ஒரே ஆல்பத்த ஓட்டிப் பாப்போம்ணே."

ஓட்டினார்கள். கிராபிக்ஸ் மெசின் சட்டென்று முடித்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஸ்டுடியோக்காரர் என் கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்தார். தம்ளரைக் கீழே வைக்கையில் மற்றதும் முடித்தது.

"ஒரு டீ குடிக்கிற நேரந்தானேண்ணே வித்தியாசம்? அந்த நேரத்துல நான் டீயக் குடிச்சிட்டுப் போறேன்."

கிராபிக்ஸ் குனிந்து இரண்டு படத்தையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இரண்டிலும் அதே பொண்ணு, அதே பட்டு, அதே வெட்கம். அந்த மலிவு மெசின் சீக்கிரம் கெட்டுப்போகும், கலர் வெளுக்கும் என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இதுவும் நல்லாத்தான் செஞ்சிருக்கு" என்றார்.

கார் போனதும் பிடித்துக்கொண்டேன். "கூறுகெட்ட மனுசா, வாய மூடிட்டு இருக்கக் கூடாதா?"

"கண்ணு பாத்துருச்சே ஆத்தா. என்ன செய்ய?"

அந்த மாசமே ஷட்டர் இறங்கியது. இப்போது திருச்சியில் ஏதோ கடையில் மலிவு லேப்டாப் விற்கிறாராம். அங்கே யாரையும் விரட்ட முடியாது.

பக்கத்துக் கடை காலியா என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். ஆள் இருக்கு, வெளியே போயிருக்கு என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.