சத்தம் போடாத தெரு

"முதலாளி நம்ம வீட்டுக்கே வராராம்," என்றார் கணக்காளர். முகம் வெளுத்திருந்தது.

"எதுக்கு?" என்றாள் மனைவி.

"இங்க நிம்மதியா வேலை பார்க்க முடியுதான்னு நேர்ல பார்க்கணுமாம். சத்தம் இருந்தா திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸுக்கு வந்துடணுமாம்."

நாலைந்து பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ்தான். ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டும். காலையில் கிளம்பும்போதும் மகள் தூங்குவாள், வீடு திரும்பும்போதும் தூங்குவாள். வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அவள் எவ்வளவு வாயாடி என்பதே அவருக்குத் தெரிந்தது. அதை இழக்க அவருக்குத் துளியும் மனமில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கடையில் டெய்லரின் மிஷின் கடகடத்தது. கணக்காளர் ஓடினார்.

"கொஞ்ச நேரம் மிஷினை நிறுத்துங்கண்ணே. என் பொழைப்பே இதுல இருக்கு."

"என் பொழைப்பும்தான் தம்பி. முன்னெல்லாம் காலையில இந்தத் தெருவே பூட்டிக் கிடக்கும். இப்ப வீட்டுக்கு வீடு ஆள் இருக்கப்போய்தானே ரெண்டாவது மிஷின் வாங்கினேன். நிறுத்திட்டேன், போங்க."

தச்சர் இழைப்பதை நிறுத்தினார். டீக்கடை அக்கா ரேடியோவை அணைத்தார். தெரு கப்சிப்பென்று ஆனது. கணக்காளர் மேஜை முன் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

ஆனால் வேலையை நிறுத்தியவர்கள் எங்கே போவார்கள்?

"இங்கேருந்து கேட்டா சத்தம் வருதான்னு பார்க்க வந்தேன்," என்று டெய்லர் உள்ளே வந்தார். அவரைத் தேடி துணி தைக்கக் கொடுத்தவர்கள் வந்தார்கள். பின்னாலேயே தச்சர். கணக்காளரின் மேஜை ஆடுவதைப் பார்த்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு காலைக் கழற்றிவிட்டார். இத்தனை பேர் கூடிய இடத்துக்கு டீ வராமல் இருக்குமா? அக்காவும் வந்துவிட்டார்.

முதலாளி நுழைந்தபோது கணக்காளர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று கால் மேஜையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் நீங்க சொன்ன அமைதியா?"

அக்கா முந்திக்கொண்டார்.

"இவரை மாதிரி வீட்டுல இருந்து வேலை பார்க்கறவங்கல்லாம் ஆபீஸுக்குக் கிளம்பிட்டா பகல்ல நான் யாருக்கு சார் டீ போடறது? இவங்களை நம்பித்தான் கடையில ரெண்டு பேரை வேலைக்கு வெச்சிருக்கேன்."

"உங்க சட்டைப் பட்டன் தொங்குது சார், ஒரு நிமிஷம் வாங்க," என்று டெய்லர் முதலாளியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போய்விட்டார். கும்பல் மொத்தமும் பின்னால் போனது.

"போச்சு," என்றார் கணக்காளர். மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். கண் கலங்கியது.

வெகுநேரம் கழித்து டெய்லர் மட்டும் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"இனிமே நீங்க பஸ் ஏறவே வேண்டாம் தம்பி. முதலாளிக்கு நம்ம தெரு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம், ஆபீஸையே என் கடை மாடிக்கு மாத்தறார். அவர் நாற்காலி உங்க ஜன்னலுக்கு நேர் எதிரே."