கடை மாடியில் நாலு அடுப்பு

அந்த ஆனி மாதத்தில் நான் ஒரு முடிவெடுத்தேன். இனி என் கடைக்கு நான்தான் முதலாளி. மனைவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

செஞ்சியில், திண்டிவனம் சாலையில் என் பெயின்ட் கடை. அதன் மாடியில் நான்கு அறைகள். ஒவ்வொன்றிலும் குழாய், குளியலறை. கோட்டை பார்க்க வருகிறவர்கள் தங்குவார்கள் என்று நம்பி லாட்ஜாகக் கட்டினேன். அவர்கள் மலை ஏறினார்கள். இறங்கினார்கள். என் கடையில் தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

அதனால் சுவர்களை இடித்து, மாடி முழுவதையும் டைல்ஸ் ஷோரூம் ஆக்க நினைத்தேன். நடுவில் ஒரு சுழல் நாற்காலி. அதில் நான்.

என் மனைவி விருத்தாம்பாள் வேறு நினைத்திருந்தாள். கடைத்தெருவில் வேலை செய்கிறவர்களுக்கு ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. அனந்தபுரத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். கடை மாடியைக் குறைந்த வாடகைக்கு வீடாக விட்டால் பேரூராட்சி வரியில் சலுகை தருகிறதாம். விண்ணப்பமும் வாங்கி வந்துவிட்டாள்.

என்னால் உட்கார முடியவில்லை. கடைக்கும் தெருவுக்குமாக நடந்தேன். இருபதாவது நடையில் யோசனை வந்தது. ஆடி பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது. ஆடியில் எவரும் வீடு மாற மாட்டார்கள். சுவர் எழுப்பத்தான் ஆடி ஆகாது, இடிக்க ஆகும். ஆவணி பிறக்கும்போது மாடியில் அறையே இருக்காது.

பெருந்தன்மையோடு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆவணியில் எல்லோரும் வரட்டும் என்றேன். அவளும் சரி என்றாள். முப்பது வருடத்தில் அவள் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டது அதுதான் முதல் முறை. நான் பயந்திருக்க வேண்டும். பயப்படாமல், நண்பன் அரிகிருஷ்ணனைக் கூட்டிக்கொண்டு டைல்ஸ் பார்க்கத் திண்டிவனம் போய்விட்டேன்.

ஆடி முதல் நாள். சுவர் இடிக்கிற ஆளோடு மாடிக்குப் போனால், படியெல்லாம் பீரோ, பாய், தையல் மெஷின். யார் சாமான் எந்த அறைக்கு என்று விருத்தாம்பாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இன்னா இது? ஆடியில யாராவது குடி வருவாங்களா?”

“ஆனியிலயே பால் காய்ச்சியாச்சு. சாமான் எப்ப வந்தா இன்னா?”

“எப்ப காய்ச்சின?”

“நீங்க திண்டிவனம் போன அன்னிக்கு. நாலு வீடு, நாலு அடுப்பு. வந்ததும் ரெண்டு டம்ளர் பாயசம் குடிச்சீங்களே, எதுக்குன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. முந்திரி நிறைய இருந்தது.

“பால் பொங்கின வீட்டுல சுவரை இடிப்பீங்களா? இடிங்க, பாக்கறேன்.”

இடிக்க வந்த ஆள் கடப்பாரையைச் சாத்தி வைத்தான். செருப்பைக் கழற்றினான். பீரோவின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். மறுபக்கத்துக்கு ஆள் இல்லை. நான் பிடித்தேன்.

அன்றிலிருந்து கடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேலே குழம்பு தாளிக்கிறார்கள். சிரிக்கிறார்கள். குக்கர் விசில் எத்தனை என்று கல்லாவில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், என் கட்டடம்தானே, ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று படியேறினேன். கடைசி அறைக்கு அன்று காலைதான் சாமானோடு வந்திருந்த அமலா, துணிக்கடையில் வேலை செய்கிறவள், பாதிப் படியிலேயே வழியை மறித்தாள்.

“யாரு சார் வேணும்? குடும்பங்க இருக்கிற எடம் இது. ஓனரம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க.”

கீழே வந்து கேட்டேன். யோசித்துச் சொல்கிறாளாம்.