ஆடி மாதத்துச் சத்திரசிகிச்சையும் சம்பந்தியம்மாவின் தலைமுடியும்

கதிரமலையில் வேலோடு நிற்பவனே, உன்னைப் பாடிய வாயாலேயே என் மடமையையும் சொல்லப் புகுகிறேன். சொல் தடுமாறாமல் காத்தருள்.

இன்று கார்த்திகை மாதத்து வளர்பிறைப் பஞ்சமி, வியாழக்கிழமை, உத்திராட நட்சத்திரம். எழுதத் தொடங்க உகந்த நாள் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தே சொல்கிறேன். (பார்க்காமல் நான் தலைக்கு எண்ணெய்கூட வைப்பதில்லை.) பதுளையில் முப்பது ஆண்டுகள் தமிழும் சைவமும் கற்பித்தேன். அக்காலமெல்லாம் எங்கள் தெருவின் காதுகுத்து, கடைதிறப்பு, கலியாணம் அனைத்துக்கும் நாள் குறித்துக் கொடுத்தவளும் நான்தான். அத்தனை நாள்களில் ஒன்றே ஒன்றுதான் பிழையாகிப்போனது. ஊர் அந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது.

ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய தை மாதம். மழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு காலையில், எங்கள் புடவைக் கடைக்கு மேலிருந்த மொட்டைமாடியில் மருமகள் சுகந்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த தாயின் ஒரே மகள். படித்து ஆசிரியையாகி, என் மகனை மணந்து வந்தவள். இரண்டு பிள்ளைகள். இளையவனுக்கு அப்போது ஒன்றரை வயது. தாய்ப்பாலை விட மனமில்லாத பெருமகன்.

"அத்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள்.

"நீ மொதல்ல சொல்லு."

சொன்னாள். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னாள். இரண்டு பிள்ளைகளுக்கும் பாலூட்டிய பிறகு தன் மார்பு வற்றித் தளர்ந்துவிட்டதாம். அதைச் சத்திரசிகிச்சையால் எடுப்பாக்கிக்கொள்ள விரும்புகிறாளாம். கொழும்பில் ஒரு வைத்தியருடன் தொலைபேசியிலும் பேசிவிட்டாளாம்.

"கண்ணாடி பாத்தா வேற யாரோ நிக்கிற மாதிரி இருக்கு அத்தை. அவருக்கு ஒண்ணும் மறுப்பில்ல. அம்மாகிட்ட நீயே சொல்லிக்கன்னுட்டு கடைக்கு இறங்கிட்டாரு. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுரும். உங்களோட இருக்கட்டும் அத்தை."

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மையின் திருமேனியைப் போற்றும் பழம்பாடல்களில் அந்த உறுப்பின் பெயர் வராத பக்கமே குறைவு. அரை நூற்றாண்டாக அதை ஒலிபெருக்கியில், ஊரே கேட்க, கண்மூடி உருகிப் பாடியிருக்கிறேன். அதே சொல்லை என் வீட்டு மாடியில் என் மருமகளிடம் சொல்ல நேர்ந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆயினும் பெற்ற தாயிடம் சொல்லாததை என்னிடம் சொன்னாளே என்ற பெருமிதம் நாணத்தை வென்றது.

"யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். நாள மட்டும் நான் குறிக்கிறேன்" என்றேன்.

அந்த 'மட்டும்' தான் எங்களைக் கவிழ்த்தது.

பிள்ளை பாலை நிறுத்தி ஆறு மாதமாவது கழிய வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தை முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் வேப்பிலை அரைத்துப் பூசிப் பேரனுக்குப் பால் மறக்கடித்தோம். (மூன்று நாள் அவன் என்னைப் பார்த்த பார்வையில் சூரபத்மன் தெரிந்தான்.) விரலை மடக்கி எண்ணினேன். ஆறு மாதம் நேராக ஆடியில் போய் விழுந்தது! ஆடியில் புதுத் துடைப்பம்கூட வாங்காத குடும்பம் எங்களுடையது. பங்குனியிலோ, சுகந்தியின் நட்சத்திரத்துக்குத் தேனாகப் பொருந்திய ஒரு நாள் எனக்காகவே காத்திருந்தது.

"டாக்டர் ஆறு மாசம்னாரே, அத்தை?"

"அவருக்குக் கத்தி தெரியும். நாள் தெரியுமா?"

நானே மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்தேன். பிள்ளை பால் மறந்துவிட்டான் என்று உறுதி கூறினேன். எப்போது மறந்தான் என்று அந்தத் தாதி கேட்கவில்லை. கேளாததைச் சொல்வது அவையடக்கம் ஆகாது என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்து, குறித்த நாளையும் மருத்துவமனையின் பெயரையும் ஐயரிடம் உரக்கச் சொல்லி, கோயிலில் மருமகள் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன். பஜனைக்கு வரும் செல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க டீச்சர், மருமக பேருக்குத் தனியா அர்ச்சனை?"

"ஒரு சத்திரசிகிச்சை. கொழும்புல."

"ஐயையோ! என்னாத்துக்குங்க?"

நான் வாய் திறந்தேன், மூடினேன். மீண்டும் திறந்தேன். கொடுத்த வாக்கு ஒருபுறம், நாணம் ஒருபுறம். இடையில் அகப்பட்ட கண்ணில் நீர் வந்துவிட்டது. "சன்னதியில வச்சுக் கேக்காத செல்வி" என்று மட்டும் சொல்லி நகர்ந்தேன். இரகசியத்தைக் காத்த நிறைவோடு வீட்டுக்கு வந்து தோசை வார்த்தேன்.

பெயர் சொல்ல முடியாத நோய் எங்கள் ஊரில் ஒன்றுதான், புற்றுநோய். அன்று மாலையே அது வாட்ஸ்அப்பில் ஏறி ஹாலிஎல, பண்டாரவளை எல்லாம் கடந்து பூனாகலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியாது.

பங்குனியில் குறித்த நாளில், குறித்த ஓரையில், வைத்தியர் முன் அமர்ந்தோம். யாழ்ப்பாணத்தவர், மெல்லிய குரல். சுகந்தியைப் பரிசோதித்துவிட்டு வந்து கேட்டார்.

"பிள்ளை எப்ப பால் குடிக்கிறதை விட்டது?"

"தைக் கடைசியில, டாக்டர்."

"இப்ப பங்குனி. ரண்டு மாசம்தானே! இன்னும் பால் கிடக்குது. முழுக்க வத்தி, மார்பு தன்ர அளவுக்கு வந்து நிண்டாப் பிறகுதான் நான் அளவெடுக்கலாம். இப்பவே செய்தா பிறகு வடிவம் மாறிப்போம். கிருமி பிடிக்கவும் கூடும். இன்னுமொரு பிள்ளை பெற யோசினையோ? அப்பிடியெண்டா அதுக்கும் பிறகு வாங்கோ."

"ரெண்டே போதும் டாக்டர்" என்றாள் சுகந்தி, நான் மூச்செடுப்பதற்குள்.

"அப்ப இன்னும் நாலு மாசம் பொறுங்கோ. ஆர் உங்களுக்கு இந்த நாளைக் குறிச்சது?"

சுவரிலிருந்த நாட்காட்டியை ஊன்றிப் படித்தேன். நாற்பது ஆண்டு புடவைக் கடைக்காரன் மனைவி நான். நனைத்துச் சுருங்கவிடாத துணியைத் தைக்கக் கொடுக்காதீர்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! துணிக்குத் தெரிந்த அறிவு மருமகளின் உடம்புக்கு வரவில்லை.

சுகந்தி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

வெளி நடைவழியில் பூனாகலையிலிருந்து வந்த பத்துப் பதினைந்து பேர், கையில் செவ்விளநீரும் திருநீற்றுப் பொட்டலமுமாக. நடுவில் என் சம்பந்தியம்மா பாக்கியம். தலையில் ஒரு மயிர் இல்லை. சந்தனம் மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. இடுப்பைத் தொடும் கூந்தல் அவருக்கு. அதைச் சுருட்டிக் கொண்டையிட்டுத்தான் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டுவார்.

"அம்மா! என்னம்மா இது?"

"கதிர்காமத்துல குடுத்துட்டு நேரா வர்றேன். உன் உசுருக்கு முன்னாடி முடி பெரிசா? எனக்குத் தெரிஞ்சா அழுவேன்னுதானடி மறைச்ச? நானும் கேட்டா நீ அழுவேன்னுதான் போன் பண்ணல. வெட்டி எடுத்துட்டாங்களா? வலிக்குதா சாமி?"

நான் முன்னால் போய், "சம்பந்தியம்மா, அது வந்து..." என்று தொடங்கினேன். பாடிப் பழகிய வாய் மூன்றாம் முறையும் கைவிட்டது.

சுகந்திதான் பேசினாள். தாயின் சந்தனத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "எனக்கு நோயே இல்லம்மா" என்று தொடங்கி, எதற்காக வந்தாள், ஏன் இன்று முடியவில்லை, ஏன் ஒளித்தாள் என்று, மறைத்த ஒவ்வொன்றையும் அத்தனை பேர் கேட்கச் சொன்னாள். எந்த வாக்கைக் காப்பதாக நான் பெருமைப்பட்டேனோ அது என் கண்முன்னே பதினைந்து பேருக்குப் பங்கிடப்பட்டது.

பாக்கியம் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம் தலையைத் தடவினார்.

"இதுக்கா நான் மொட்ட போட்டேன்?"

கையில் ஒட்டிய சந்தனத் தூளைத் தட்டிவிட்டார்.

"எத்தன மாசம் பொறுக்கணுமாம்?"

"நாலு மாசம்மா."

"சரி. அதுக்குள்ள எனக்கும் சீப்பு ஓடுற அளவுக்கு முளைச்சிரும். கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடிதான? துளிர்க்கட்டும். ரெண்டு பேரும் ஒண்ணாவே வருவோம்."

முதலில் சிரித்தவள் சுகந்தி. சிரித்துக்கொண்டே அழுதாள். அவர்கள் அமர்த்தி வந்த வேனிலேயே நாங்களும் திரும்பினோம்; வழியில் எவளோ வாயைப் பொத்திக்கொண்டு கிளுகிளுத்தாள். முன்னிருக்கையிலிருந்து பாக்கியம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது என் மக உடம்பு. இது என் மண்ட. சிரிக்கிறவ இறங்கி நடந்து வரலாம்."

அப்பொழுது வேன் அப்புத்தளை ஏற்றத்தில் இருந்தது. அதன்பின் பதுளைவரை எல்லோரும் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சரம்மா, தல குளுகுளுன்னுதான் இருக்கு" என்றார்.

ஆடியில், வைத்தியர் சொன்ன நாளில், எல்லாம் நலமாக நடந்தது. பஞ்சாங்கத்தைத் தொடுவதில்லை என்று உறுதிபூண்டிருந்தேன். (வீடு திரும்பிய பிறகு ஒளித்துப் பார்த்தேன். தேய்பிறை அட்டமி, போதாததற்குச் சந்திராட்டமம்!) சுகந்தி இன்று நிமிர்ந்து நடக்கிறாள். கண்ணாடியில் நிற்பவள் தனக்குத் தெரிந்தவள்தான் என்கிறாள்.

எனக்குத்தான் விடுதலை இல்லை. இப்போதும் யாருக்காவது நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை விரித்தால் போதும், என் மகன் கடையிலிருந்தபடியே கத்துவான்: "அம்மா நாள் குறிக்கிறாங்க! பூனாகலைக்குப் போன் போட்டு அத்தையைத் தலைய மூடிக்கச் சொல்லுங்க!" பாக்கியமும் விடுவதில்லை. சென்ற தீபாவளிக்கு வந்தவர் வாசலில் என்னைக் கண்டதுமே இரண்டு கைகளாலும் கொண்டையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

இதைப் படிக்கும் அனைவருக்கும், சிறப்பாகப் பாலூட்டிக் களைத்த தாய்மார்க்கும், அவர்களைப் பெற்ற தாய்மார்க்கும், உடம்பும் மனமும் ஒன்றோடொன்று இணங்கி வாழும் வரத்தை வேலவன் அருள்க. கேட்க வேண்டியதை உரியவரிடம் கேட்கும் துணிவையும், அவர் சொன்னபடி பொறுத்திருக்கும் பொறுமையையும் தருக. எல்லோர் தலையும் நிறைந்து விளங்குக.