கத்தலெ கார்டும் நாலாம் பிறையும்

இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லோரும் காலேஜில் படித்தவர்கள். நான் லோயர் செகண்டரி தேறி, எங்கள் பேட்டை விளக்குக் கமிட்டியில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவன் பேனாவைத் தூக்கியது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சண்டைக் காலத்தில் குண்டு பயத்தில் பெங்களூரில் விளக்குகளுக்குக் கறுப்புத் துணி கட்டச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டபோது, இதைக் கேட்டு ஆனந்தப்பட வேண்டிய ஒரே மனிதர் போய்விட்டாரே என்று இருந்தது. அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

உலகத்தில் வெளிச்சம் வேண்டும் என்று சர்க்காரைக் கேட்டவர்கள் கோடிப் பேர். இருட்டு வேண்டும் என்று கேட்டவர் ஒருவர்தான். அவர் மைசூரில், ஹுணசேமரத் தெருவில், கடைசி வீட்டில் குடியிருந்தார்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் மேல்கோட்டை. அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். அது பென்ஷன் வாங்கும் இடத்தில் மட்டும் செல்லுபடியாயிற்று. எங்களுக்கு அவர் கத்தலெ கார்டு. கத்தலெ என்றால் கன்னடத்தில் இருட்டு. ஆயுள் முழுக்கக் கையில் சிவப்பு விளக்கும் பச்சை விளக்குமாக நின்றவருக்கு விளக்கின் மேல் ஏன் இத்தனை கோபம் என்று கேட்டால், "பிடிச்சுண்டு நின்னவனுக்குத்தானே தெரியும் அதோட உபத்திரவம்" என்பார். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, பின்னால் ஓடும் வானத்தைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு நட்சத்திரப் பித்துப் பிடித்துவிட்டது.

ஊரில் எல்லோரும் வெயிலுக்குக் குடை பிடிப்பார்கள். அவர் பகலெல்லாம் வெறுந்தலையோடு நடப்பார்; பொழுது சாய்ந்ததும் குடையை விரிப்பார். தெரு விளக்கின் வெளிச்சம் கண்ணில் பட்டால் அப்புறம் வெகுநேரத்துக்கு நட்சத்திரம் தெரியாதாம். எதிரே யாராவது டார்ச் லைட்டோடு வந்தால், பாம்பைக் கண்டவர்போலச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். கல்யாண ஊர்வலம் காஸ் லைட்டுகளோடு வந்தால், கண்ணை மூடியபடியே மாப்பிள்ளை இருக்கும் திசையில் கையைத் தூக்கி, "க்ஷேமமா இருப்பா, சீக்கிரம் தாண்டிப் போ" என்று ஆசீர்வதிப்பார்.

சிக்மகளூரில் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விட்டார். எல்லோரும் நாற்காலியும் பீங்கானும் எடுத்தார்கள். இவர் ஆள் உயரத்துக்கு ஒரு டெலஸ்கோப் எடுத்துவந்தார். தெருப் பேச்சில் அது துர்பீன். மைதானத்து ஓரத்தில் பழைய தண்ணீர்த் தொட்டி நின்ற கல்மேடை ஒன்று சும்மா கிடந்தது. வீட்டுக்கு வீடு போய், ஒருவரிடம் செங்கல், ஒருவரிடம் தகரம், ஒருவரிடம் ஒரு நாள் உழைப்பு என்று வாங்கி, அந்த மேடைமேல் ஒரு நட்சத்திர மண்டபம் கட்டிவிட்டார். அதன் தகரக் கூரை டிராலிச் சக்கரத்தில் ஓடும். கூரையைத் தள்ளித் திறந்ததும் "ரைட்" என்று ஒரு குரல் கொடுப்பார். வானம் அதற்கப்புறம்தான் புறப்படும்.

முதல் நாள் தெருவே திரண்டு வந்தது. அவர் காட்டியது சனி கிரகம். வந்தவர்களில் பாதிப் பேர் படியோடு திரும்பிவிட்டார்கள்.

"வீட்டைத் தேடி வர்ற சனியே போதும் ஸ்வாமி, நாங்க வேற தேடிப் போய்ப் பாக்கணுமா?" என்றார் ஒருவர்.

"ஏழரை வருஷம் அவன் நம்மளை முழிச்சு முழிச்சுப் பார்க்கறான். ஒரு நிமிஷம் நாம அவனைப் பார்த்தா என்ன குறைஞ்சுபோறது? அவனும் கொஞ்சம் கூச்சப்படட்டுமே" என்றார் கார்டு.

அந்த நியாயம் தெருவுக்குப் பிடித்துப்போயிற்று. சனிக்கு எதிரில் வரிசை நின்றது.

இந்த வேடிக்கைக்கெல்லாம் அடியில் ஒரு விஷயம் இருந்தது. எஞ்சின் கரி விழுந்து இடது கண் அவருக்கு எப்போதோ போய்விட்டது. வலது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் அதற்கும் கெடு சொல்லிவிட்டார்கள். அந்தக் கெடு முடிவதற்குள் வானத்தில் பார்க்க வேண்டியது எவ்வளவோ பாக்கி இருந்தது அவருக்கு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வார்டுக்கு வெளிச்சம் வர முடிவு செய்தது.

மைசூர்க்காரர்களுக்கு விளக்கு என்றால் எத்தனை பெருமை என்று சொல்ல வேண்டியதில்லை. தசராவுக்கு அரண்மனையில் விளக்கு ஏற்றினால், தாங்களே திரி போட்டு எண்ணெய் ஊற்றியதுபோல ஜனங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்கள். பக்கத்து வார்டில் உயரக் கம்பம் நட்டுப் பெரிய மின்சார விளக்குப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் வார்டு மெம்பருக்குத் தூக்கம் இல்லை. அவர் கொள்ளேகாலத்திலிருந்து வந்து வெல்ல மண்டி வைத்தவர். நல்ல மனிதர், செய்ததைச் சொல்லிக்காட்டுவதில் மட்டும் கொஞ்சம் அவசரம், பல சமயம் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். அனுமதி பிறகு வரட்டும் என்று கம்பத்தைக் கொண்டுவந்து நட்டேவிட்டார், சரியாக நட்சத்திர மண்டபத்தின் வாசலில்.

கார்டு கமிட்டிக்கு வந்துவிட்டார். பகல் ஆனதால் குடை இல்லை.

"ஏனுங் சாமி, ஊரே வெளிச்சம் கேக்குது. நீங்க ஒருத்தரு இருட்டு வேணுங்கறீங்க. திருடன்கூட இப்படி வெளிப்படையா வந்து கேக்கமாட்டானுங்க" என்றார் மெம்பர்.

"திருடனுக்கு அவன் கேக்காமலே நீங்க குடுத்துண்டிருக்கேளே. பேட்டையில பாதி விளக்கு எரியறதில்லை. நான் வரிசையில நின்னு கேக்கறேன், அதான் தப்பாப் போச்சு."

சேர்மன் பழைய வக்கீல். ஒரு விஷயத்தை முடித்துவைப்பதைவிட அதற்கு ஒரு விசாரணை வைப்பதில் அவருக்கு ருசி அதிகம். "நோடி, பாருங்கோ, கண்ணால காணாததைக் கமிட்டி நம்பாது" என்றார். ஸ்தலத்தில் பரிசோதனை என்று தீர்மானம் ஆயிற்று. விளக்கை எரியவிட்டு மெம்பர் துர்பீனில் பார்க்க வேண்டும்; பிறகு அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எரியும்போதும் வானம் தெரிந்தால் விளக்கு நிலைக்கும். தெரியாவிட்டால் கம்பத்தைப் பிடுங்க வேண்டும். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

நாள் குறிக்கும்போது, எல்லோருக்கும் ஓய்வான தினமாக இருக்கட்டும் என்று சேர்மன் சர்க்கார் விடுமுறையாகப் பார்த்து ஒன்றைச் சொன்னார். "பேஷான நாள். அன்னிக்குச் சந்திரனுக்கு நாலு நாள் வயசு. பார்க்க லட்சணமா இருப்பான்" என்று கார்டும் சந்தோஷப்பட்டார். அவர் சந்திரனுடைய வயதைப் பார்த்தாரே ஒழிய, பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. சேர்மன் விடுமுறையைப் பார்த்தாரே ஒழிய, எதற்கு விடுமுறை என்று பார்க்கவில்லை. அன்று விநாயக சதுர்த்தி.

சதுர்த்திப் பிறையைப் பார்த்தால் செய்யாத குற்றத்துக்குப் பழி வந்து சேரும். கிருஷ்ண பரமாத்மாவுக்கே மணி திருடினான் என்று பெயர் வந்தது இதனால்தான். நாலாம் பிறை பார்த்தவன் நாயாய் அலைவான் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கமிட்டி இதை உணர்ந்தது, கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு மேடைமேல் ஏறி நின்ற பிறகுதான்.

வானம் பூராவும் மேகம். மேற்கே மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த இடத்தில், வேறு வேலை இல்லாததுபோல, நாலாம் பிறை.

சேர்மன் சட்டென்று தரையைப் பார்த்தார். மெம்பர் மேல்துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டார். கீழே புது விளக்கைப் பார்க்கத் தெருவே கூடியிருந்தது. அத்தனை பேரும் தொலைந்த சாமானைத் தேடுகிறவர்கள்போலக் குனிந்த தலையோடு நின்றார்கள். நிமிர்ந்து நின்றவர் விளக்குப் போட வந்த ஓவர்சியர் சாயபு ஒருவர்தான்.

"எங்களுக்கு முதல் பிறைதான் கணக்கு. நாலாம் பிறையால ஒரு தொந்தரவும் இல்லை. நான் பாத்துச் சொல்லட்டுமா?" என்றார் அவர்.

"நீங்க மெம்பர் இல்லை. நீங்க பாத்தா அது பாத்ததா ஆகாது" என்றார் சேர்மன்.

கார்டு என் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னார்: "கெட்டேன்பா. நட்சத்திரம்னா விளக்கு முன்னால நிக்காது. சந்திரன் எந்த விளக்குக்கும் அசையமாட்டான். இவர் பார்த்தார்னா பளிச்சுன்னு தெரியும். மண்டபத்தை மூடிண்டு போக வேண்டியதுதான்." குரலில் வழக்கமான வம்பு இல்லை. கண்ணாடியைத் துடைப்பதுபோல அந்த ஒற்றைக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மெம்பர் பார்ப்பதாக இல்லை. சேர்மனுக்கோ விசாரணை நின்றுபோவது பொறுக்கவில்லை. "கார்டு ஸ்வாமி, துர்பீனில் எப்படித் தெரியும்? நேராவா?" என்று கேட்டார்.

"தலைகீழாத் தெரியும்" என்றார் கார்டு. அவருக்குப் பொய் வராது.

வக்கீல் முகம் மலர்ந்தது. "அப்ப சாஸ்திரம் சொன்ன சந்திரன் இது இல்லை. அது நேர், இது தலைகீழ். பலனும் தலைகீழாத்தானே வரணும்? நேர்ச் சந்திரனைப் பாத்தா செய்யாத தப்புக்குப் பழி. தலைகீழ்ச் சந்திரனைப் பாத்தா?"

மெம்பர் முக்காட்டை மெல்ல விலக்கினார். "செய்யாத நல்லதுக்குப் பேரு வருமுங்களா?"

"வரணும்."

நாற்பது வருஷம் பொது வாழ்க்கையில் இருந்தாலும் கிடைக்காத வாய்ப்பு அது. மெம்பர் குனிந்து கண்ணை வைத்தார். "விளக்கைப் போடுங்கோ" என்று சேர்மன் உத்தரவு கொடுத்தார்.

சாயபு விளக்கைப் போட்டார். மேடை நாடகக் கொட்டகைபோலப் பளீரென்று ஆயிற்று. வானத்தைப் பார்க்கக் கூடாது என்று அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு, பார்ப்பதற்கு இப்போது ஒன்று கிடைத்தது. கிடைத்தது மெம்பர்.

"ஐயையோ, சதுர்த்திச் சந்திரனைக் கண்ணாடி வச்சுண்டு பார்க்கறாரே" என்றது ஒரு பெண் குரல்.

"காரணமாத்தான். இனிமே வெல்லத்துல மண்ணுன்னு யாராவது சொன்னா, அது நாலாம் பிறை பாத்த பழின்னு தப்பிச்சுக்கலாமே" என்றது ஓர் ஆண் குரல்.

மெம்பர் நெருப்பை மிதித்தவர்போலத் துள்ளி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "விளக்கை அமத்துங்க. மொதல்ல விளக்கை அமத்துங்க."

"எரியும்போது பாக்கணும்னுதானே தீர்மானம்?" என்றார் சேர்மன்.

"இத்தனை வெளிச்சத்துல எப்படிங்க பாக்கறது?"

சேர்மனுக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார். "வெளிச்சத்துல பாக்க முடியலைங்கறீங்களா?"

"முடியலீங்க. சுத்தமா முடியலீங்க."

"எழுதிக்கோப்பா" என்றார் என்னிடம். எழுதிக்கொண்டேன்.

விளக்கு அணைந்தது. மெம்பர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இப்பத் தெரியறதா?" என்றார் சேர்மன்.

"தெரியுதுங்க. பாதி கடிச்ச அப்பளமாட்ட இருக்குதுங்க. ஓரமெல்லாம் பொரிஞ்சு பொரிஞ்சு... அட, இது அத்தனையும் மேலேதான் இருந்துச்சுங்களா?"

"எழுதிக்கோப்பா."

கம்பத்தின் கதை முடிந்தது. கார்டுக்குச் சிறிது நேரம் விளங்கவே இல்லை. விளங்கியதும் மெம்பருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மகாராயரே, இந்தத் தெருவோட இருட்டை நீங்கதான் காப்பாத்திக் குடுத்தேள். உங்களுக்குக் கோடி புண்ணியம்." கீழே யாரோ கை தட்டினார்கள். மெம்பர் சேர்மன் காதில், "தலைகீழ்ப் பலன் அதுக்குள்ள வந்துருச்சுங்க" என்றார்.

பிறை மரங்களுக்குக் கீழே இறங்கியது. மேகமும் கலைந்திருந்தது. கார்டு மேடை விளிம்புக்கு வந்து, வண்டி வந்து நின்றதைச் சொல்வதுபோல, "சந்திரன் போயாச்சு. எல்லாரும் நிமிரலாம்" என்றார்.

சாயங்காலம் முழுக்கக் குனிந்திருந்த தெரு ஒரே சமயத்தில் தலையைத் தூக்கியது. தலைக்கு மேலே ஆகாச கங்கை, நட்சத்திர வெள்ளமாகத் தெற்கு வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. துர்பீன் யாருக்கும் தேவைப்படவில்லை. வெல்லத்தில் மண் என்று சொன்னவர்கூட வாயைத் திறந்தபடி நின்றார்.

எல்லோரும் போன பிறகு கார்டு கூரையைத் தள்ளி மூடினார். படிக்கட்டுக்கு வந்து ஒரு காலை நீட்டித் துழாவினார். முதல் படி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படியாக இறங்கினோம்.

பாதியில் நின்று, "உன்கிட்ட மட்டும் சொல்றேன்பா. இந்தப் படிகிட்ட ஒரு சின்ன விளக்கு இருந்தா தேவலை" என்றார்.

நான் அதை எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. படி முடிந்த பிறகும் அவர் கையை விடாமல் அவர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன்.

மறுநாள் காலையில் மாட்டு வண்டி வந்தது. கம்பத்தைப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போனார்கள்.