கார்புரேட்டரும் குருக்களும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரியில் இயற்பியல் பயின்றவன். தோட்டத்துக் கோயில் நிர்வாகக் குழுவுக்கு மூன்று முறை போட்டியின்றித் தலைவராகத் தேர்வானவன். (நான்காம் முறை நானே விலகிக்கொண்டேன். வேறு விதமாகச் சொல்பவர்கள் உண்டு.) இவற்றை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. என் தங்கை மகள் யாழினியின் திருமணப் படத்தை எங்கேனும் பார்ப்பவர்கள், மணமக்களுக்கு அருகில் நிற்பவர் யாரென்று கேட்கிறார்கள். அது நான்தான்.

என்னிடம் ஒரு பழைய கப்சாய் இருந்தது. இங்கே எல்லோரும் ஓட்டும் சிறிய மோட்டார்சைக்கிள். அதற்கு ஒரு குறை உண்டென்பது ஊரறிந்த செய்தி. கார்புரேட்டருக்குள் பெட்ரோலின் அளவைக் காக்கும் மிதவை அவ்வப்போது ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் நிரம்பி வழியும், இஞ்சின் நின்றுவிடும். அதற்கான மருந்தும் ஊரறிந்ததே. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கார்புரேட்டரை இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

நான் தட்டியதில்லை. நடுச்சாலையில் குனிந்து மோட்டாரை அடித்துக்கொண்டிருப்பது என் நிலைக்கு ஏற்றதன்று என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது ஏன் ஒட்டுகிறது என்று அறியாமல் அதைச் சரிசெய்ய எனக்கு மனம் வரவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தால் தானாகவே விட்டுவிடும். அந்தக் கால் மணி நேரமும், தேயிலைச் சரிவைப் பார்ப்பதற்காகவே நிறுத்தியவன்போலக் கைகட்டி நின்று சிந்திப்பேன். இப்படிச் சில ஆண்டுகள் சிந்தித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: ஏற்றத்தில், வண்டி இடப்பக்கம் சாயும்போது மட்டுமே மிதவை ஒட்டுகிறது. அதைச் சோதிக்க வேண்டுமானால் ஏற்றத்தில் மோட்டாரைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் தேவை. அப்படி ஒருவர் எனக்கு வாய்க்கவில்லை.

யாழினியின் திருமணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. நான் தாய்மாமன். தானா ராத்தாவிலிருந்து குருக்களை வரவழைக்க வேண்டுமென்று பிடிவாதமாக நின்றவனும் நான். அன்று பள்ளி விடுமுறை. ஸ்ட்ராபெரி பறிக்க வந்தவர்களின் கார்கள் மலையை அடைத்துக்கொண்டிருந்தன. முகூர்த்தம் தொடங்கும் வேளையில் குருக்கள் தொலைபேசியில் அழைத்தார். அவர் வந்த வாடகைக் கார் பிரிஞ்சாங்கில் அரை மணி நேரமாக நகரவில்லை.

“நான் போய் அழைத்து வருகிறேன்” என்று எழுந்தேன்.

“அந்த மோட்டார்லயா மாமா?” என்றான் மாப்பிள்ளையின் தம்பி. “என்னோடத எடுத்துட்டுப் போங்க லா. புதுசு. உங்களது வழியில மக்கர் பண்ணும்.”

சொந்த வாகனம் வாசலில் நிற்க இரவல் வாகனத்தில் போய்க் குருக்களை அழைப்பதா? புறப்பட்டுவிட்டேன்.

போன வழியில் மோட்டார் மிக ஒழுங்காக நடந்துகொண்டது. பிரிஞ்சாங்கில் கார் வரிசைகளுக்கு நடுவே நுழைந்து, பூஜைப் பையோடு குருக்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது, நின்றிருந்த கார்களைக் கொஞ்சம் இரக்கத்தோடுகூடப் பார்த்தேன். தோட்டத்து ஏற்றத்தில், இரண்டாம் வளைவில், மோட்டார் இருமியது, நின்றது.

முகூர்த்தம் முடிய நாற்பது நிமிடங்கள் இருந்தன. கோயிலுக்குப் பத்து நிமிடப் பயணம். காத்திருக்கக் கால் மணி போனாலும் நேரம் மிச்சம். ஏற்றம் இருந்தது. சாலை இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, என் வாழ்நாளில் முதல் முறையாக, இன்னொருவர் இருந்தார்.

“குருக்களே, கொஞ்சம் இறங்கி ஹேண்டிலப் பிடிச்சுக்கிறீங்களா? பிரேக்க விட்டுடாதீங்க. இடப்பக்கமா சாய்ச்சு.”

“தள்ளணுமா சார்?”

“தள்ள வேணாம். பார்க்கணும்.”

“என்னத்தப் பார்க்கணும்?”

விளக்கிச் சொல்ல அப்போது பொறுமை இல்லை. மிகுதிப் பெட்ரோல் வெளியேறும் சிறு குழாயைக் கீழிருந்து விடுவித்து, நன்றாகத் தெரியும்படி வெளிப்புறமாகத் திருப்பினேன். வெளிப்புறத்தில்தான் குருக்கள் நின்றிருந்தார் என்பது என் கணக்கில் வரவில்லை.

“இன்னும் கொஞ்சம் சாய்ங்க” என்றேன். பெட்ரோல் வந்தது. என் மனம் குளிர்ந்தது.

“சார், எனக்குக் கால் ஜில்லுங்குது.”

“அசையாதீங்க. இப்போ நிமிர்த்துங்க.”

நிமிர்த்தினார். என் கோட்பாட்டின்படி பெட்ரோல் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வலப்பக்கம் சாய்க்கச் சொன்னேன். அப்போதும் நிற்கவில்லை. கைப்பிடியை விட்டால் மோட்டார் பள்ளத்தில் உருளும். விடாவிட்டால் வேட்டி நனையும். அந்த மனிதர் விடவில்லை. இத்தனை ஆண்டுச் சிந்தனை முழங்காலுக்குக் கீழே அவருடைய வேட்டியில் வழிந்து முடிந்த பிறகே, பெட்ரோலை அடைக்க வேண்டும் என்ற நினைவு எனக்கு வந்தது.

அந்நேரம் முட்டைக்கோஸ் லோரி ஒன்று மேலிருந்து வந்து நின்றது. ஓட்டியவன் சேகர், தோட்டத்துப் பையன்களில் ஒருவனாக இருந்து காய்கறி வியாபாரத்துக்குப் போனவன்.

“என்ன கிராணியாரே, சாமிக்குப் பெட்ரோல் அபிஷேகமா?”

பதிலுக்குக் காத்திராமல் இறங்கினான். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து இரண்டு தட்டு. பிறகு நாலு உதை. மோட்டார் புகை கக்கிக்கொண்டு உயிர் பெற்றது.

“கார்பு ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான் லா. யாரக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே.”

“எனக்கும் தெரியும்” என்றேன்.

“தெரியுமா? அப்புறம் ஏன் தட்டல?”

குருக்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டாரை நகர்த்தினேன்.

கோயிலை அடைந்தபோது முகூர்த்தம் முடியப் பதினைந்து நிமிடங்கள் இருந்தன. ஓமகுண்டத்தில் நெருப்பு மூட்டத் தயாராக இருந்தார்கள். குருக்கள் மேடையின் ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

“நான் நெருப்பு முன்னால உக்காரணும் சார்” என்றார் மெதுவாக. “இந்த வேஷ்டியோடயா?”

மணமேடையில் யாழினி என்னைப் பார்த்தாள். நாற்புறமும் வேட்டி தேடினோம். மலைக்குளிருக்கு அஞ்சி ஆண்கள் எல்லோரும் கால்சட்டையில் வந்திருந்தார்கள். மாற்று வேட்டி யாரிடமும் இல்லை. வேட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர்: மாப்பிள்ளையும் நானும்.

“அண்ணே, நேரம் போவுது. உங்க வேட்டியக் கழட்டிக் குடுங்க” என்றாள் என் தங்கை பரமேஸ்வரி.

“நான் தாய்மாமன், பரமு!”

“அதனாலதான் கேக்குறேன். வெளியாள் வேட்டியவா உருவ முடியும்?”

கோயில் பண்டக அறைக்குள் என் பட்டுக்கரை வேட்டி கைமாறியது. எனக்கு மாற்றாகக் கிடைத்தது, மோட்டார் கூடையில் கிடந்த மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் மழைக்காற்சட்டை. மேலே சந்தன நிற ஜிப்பா, தோளில் அங்கவஸ்திரம், கீழே அது. மணப்பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்க நான் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது சரக் சரக் என்று மந்திரத்துக்குத் தாளம் போட்டது. தாலி கட்டும் நேரத்தில், ஒலிபெருக்கி நாதசுரத்தையும் மீறி, யாழினி சிரித்துவிட்டாள். முகூர்த்தம் தப்பவில்லை.

மறுவாரம் மாப்பிள்ளையின் தம்பி என்னைக் கேளாமலேயே புதிய கார்புரேட்டர் பொருத்தினான். பழையதை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். பெட்ரோலை அடைக்கும் ஊசியின் நுனியில் மெல்லிய வளையமாகத் தேய்மானம். அதனால் ஊசி தன் துளையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்றத்துக்கும் சாய்வுக்கும் இதில் பங்கே இல்லை. பூதக்கண்ணாடியில் அந்த வளையத்தைக் கண்ட கணத்தில் நான் அடைந்த மகிழ்ச்சியை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தத் திருமணம் என்றாலும், “மாமா வேட்டியில வர்றாரா, மழையில வர்றாரா?” என்று கேட்காமல் பத்திரிகை அச்சுக்குப் போவதில்லை. அதைக்கூட நான் பொறுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அன்று மணமேடையில் நான் உள்ளாடையோடு நின்றதாகப் பிரிஞ்சாங் சந்தையில் சிலர் சொல்லி வருகிறார்கள். அது தவறு. நான் மழைக்காற்சட்டை அணிந்திருந்தேன். அதன் பொத்தான்கள் இரண்டும் போடப்பட்டிருந்தன.