கஞ்சி குடித்த கோயில்

மூன்றாம் வகுப்புக்கு மேல் எந்தப் பள்ளிக்கூடமும் என்னைத் தாங்கவில்லை. அதன் பிறகு ஆரணியில் கூலிக்குத் தறி நெய்து, சொந்தத் தறி போட்டு, மாடி வீடு கட்டி, வாசலில் என் பெயரை மொசைக்கில் பதித்தவன் நான். இப்படித் தானாக முன்னுக்கு வந்தவனுக்கு ஒரு வியாதி வரும். தனக்குத் தெரியாத தொழில் உலகத்திலேயே கிடையாது என்று நம்புவான். எனக்கு அது நன்றாக முற்றியிருந்த எழுபதுகளின் கடைசியில்தான் ஒரு மாதா கோயில் என் கையில் மாட்டியது.

தேவிகாபுரம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். என்றைக்கோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கட்டிய நீளமான கோயில். ரோட்டோரமாகப் புதுக் கோயில் வந்த பிறகு, பழையதில் வௌவால்கள் மட்டும்தான் ஒழுங்காகப் பூசைக்கு வந்துகொண்டிருந்தன. அந்த ஊர்ப் பங்குச் சாமியாருக்கு அதை இடிக்க மனமில்லை. பழுது பார்த்து ஊருக்குப் பொதுக்கூடமாக்கலாம் என்றார்.

இதில் தறிக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தறியில் ஏற்றும் முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். பாவு என்போம். மழைக்காலம் வந்தால் ஒரே பேஜார். அந்தக் கோயிலோ கூரை போட்ட தெரு மாதிரி இருந்தது. பாவு போட எங்களுக்கும் இடம் தருவதாகச் சாமியார் சொன்னார். உடனே எனக்கு மத நல்லிணக்கம் பொங்கிவிட்டது.

எங்களைவிட அவசரம் ஆரோக்கியத்துக்கு. அந்த ஊரில் வயல் கூலிக்குப் போகிறவன், கோயில் மணியும் அவன்தான் அடிப்பான். ஐப்பசி மழையில் அவன் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டப் புதுக் கோயில் போதும். பந்தி போட இடமில்லை. ஆரணிக்கு வந்து ஒவ்வொரு சத்திரமாகக் கேட்டான். எந்தத் தெரு ஆள் என்று விசாரித்ததுமே எல்லாச் சத்திரமும் அந்தத் தேதியில் நிரம்பிவிட்டது. (தேதியை அவன் இன்னும் சொல்லவே இல்லை.)

ஆகவே பொதுக்கூடத்தின் முதல் விசேஷம் அவன் மகள் கல்யாணப் பந்தி என்று முடிவானது. ஒரே ஒரு தடங்கல். கட்டடம் உருப்படியாக இருக்கிறதா என்று பிஷப் வந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் இடித்து, அந்தக் கல்லில் புதுக் கோயிலுக்குச் சுற்றுச்சுவர்.

கொத்தனார்கள் ஓடு மாற்றினார்கள், கதவு போட்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் அந்தப் பக்கம் போகாததுதான் காரணம். வெள்ளையடிப்பது மட்டும் பாக்கி என்றபோது நான் எழுந்து நின்றேன்.

“வெள்ளை என் பொறுப்பு சாமி. நான் அடிச்சா உங்க பேரப்புள்ளைங்க காலம் வரிக்கும் நிக்கும்.”

(சாமியாருக்கு ஏது பேரப்பிள்ளை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.)

சுண்ணாம்பு பிடிக்கக் கொஞ்சம் கஞ்சியும் உப்பும் கலப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘கொஞ்சம்’ என்பது சின்ன மனிதர்களின் அளவு. முடி மாதிரி இருக்கிற பட்டு இழையே கஞ்சி குடித்தால் கம்பியாக நிற்கும்போது, சுவர் எப்படி நிற்கும்! அண்டா அண்டாவாகக் காய்ச்சினேன். என் மனைவி ரஞ்சிதம் வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாங்க, இது சொவுத்துக்கா, இல்ல ஊருக்கு அன்னதானமா?”

“உனக்கு இன்னாடி தெரியும்? கஞ்சி ஏறினா சொவுரு வெறப்பா நிக்கும்.”

“அது இப்பவும் நின்னுகினுதான கீது? படுத்துகினா கீது?”

நான் குரலை உயர்த்தினேன்.

சுவரைச் சுரண்டிவிட்டு அடிக்கலாமா என்று ஆரோக்கியம் கேட்டான். “பாவுக்குக் கஞ்சி போடறப்ப பட்டைச் சொரண்டுவமாடா?” என்றேன். அவன் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டான். என் வாதத்தின் கூர்மைதான் காரணம் என்று அன்று நினைத்துக்கொண்டேன். பழைய சுண்ணாம்பின் மேலேயே, பாவுக்குத் தடவுகிற நீளப் பிரஷ்ஷால், கை ஓயும்வரை பூசித் தள்ளினோம். முடிந்தபோது கோயில் பால் மாதிரி இருந்தது. பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். அதைத் திறக்கிற பெருமையை வேறு யாருக்கும் கொடுப்பேனா?

பிஷப் வந்த அன்று நல்ல வெயில். ஊரே திரண்டிருந்தது. நான் சரிகை வேட்டியில் போய்க் கதவைத் திறந்தேன்.

முதலில் வாசனை வந்தது. பல நாள் புளித்த பழைய சோற்றுப் பானைக்குள் தலையை விட்டது மாதிரி. பிஷப் கைக்குட்டையை எடுத்தார். அடுத்தது சத்தம். அப்பளம் நொறுங்குகிற மாதிரி சுவரெல்லாம் படக், படக். காய்ந்தால் இறுக்குவது கஞ்சியின் குணம். பாவில் அதற்காகத்தான் போடுகிறோம். சுவரிலும் அது கடமை தவறவில்லை. தானும் சுருங்கி, அடியில் இருந்த பழைய சுண்ணாம்பையும் பிய்த்துக்கொண்டு, பாய் பாயாகச் சுருண்டு தொங்கியது. அதில் ஒரு பாய் பிஷப்பின் தோளில் வந்து விழுந்தது.

“என்ன இது?” என்றார்.

“சுண்ணாம்பு சாமி.”

“சுண்ணாம்பா?”

“கொஞ்சம் கஞ்சியும் கீது.”

அந்த நேரம் பார்த்து ஊர் ஆடுகளுக்கு வாசனை எட்டிவிட்டது. பிஷப்பை இருபுறமும் உரசிக்கொண்டு மந்தையாக உள்ளே நுழைந்தன. உப்பும் கஞ்சியும்! தொங்கியதைத் தின்றன, ஒட்டியதை நக்கின. ஒரு கிடா பீடத்தின் மேலேயே முன்னங்கால் வைத்து ஏறிவிட்டது.

“ஜல்தியா ஓட்டுங்கடா!” என்று கத்திக்கொண்டு அதன் காலைப் பிடித்தேன். அது உதறியது. சுவரோடு போய் மோதினேன். மிச்சமிருந்த பாய் மொத்தமும் என் தலைமேல். நான் வெள்ளையாக எழுந்து நின்ற கோலத்தைப் பார்த்து ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள், ஆரோக்கியத்தைத் தவிர. மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றவன், மெதுவாகக் கேட்டான்: “அவ்ளோதானா மொதலாளி? பந்தி ரோட்லதானா?”

மூன்று தலைமுறைக்குப் பேசுகிற நான், கண்ணில் விழுந்த சுண்ணாம்பைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிஷப், ஆடுகள் நக்கிவிட்டுப் போன சுவர்ப் பக்கம் போனார். உள்ளங்கையால் தடவினார். நாங்களும் பார்த்தோம். சுண்ணாம்பெல்லாம் போன இடத்தில், அந்தக் காலத்துப் பூச்சு, தந்தம் மாதிரி வழவழவென்று, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது.

“ஒரு விரிசல்கூட இல்லையே! இதையா இடிக்கிறது?” என்று சாமியார் பக்கம் திரும்பினார். “மேலே ஏறின சுண்ணாம்பையெல்லாம் இதே மாதிரி எடுத்துடுங்க. கல்யாணத்தை நடத்துங்க.”

நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

“இவர் வேண்டாம்,” என்றார் பிஷப். “ஆடே எடுக்கட்டும்.”

கல்யாணத்தன்று வெளியே பேய் மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. முதல் பந்தியில் என்னை உட்காரவைத்து ஆரோக்கியமே பரிமாறினான். பிரியாணியைக் கிளறிப் பார்த்தேன். கோழி.

“இன்னாடா, ஆடு போடலையா?”

“கோயில ரிப்பேரு பண்ண கொத்தனாரப் போயி யாருனா வெட்டுவாங்களா மொதலாளி?” என்றான். என் முகத்துக்கு நேராக அவன் அடித்த முதல் கிண்டல் அது. பந்தியே புரையேறிச் சிரித்தது.

அதன் பிறகு மழைக்காலப் பாவெல்லாம் அங்கேதான் காய்ந்தன. அந்த ஊர்க் கல்யாணங்களுக்கு எந்தச் சத்திரத்தின் தயவும் தேவைப்படவில்லை. பஸ் கண்டக்டர்கூட ‘கஞ்சிக் கோயில் எறங்கு’ என்றுதான் கூவுவார். ஒன்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை: நான் கஞ்சி ஊற்றாவிட்டால் அந்த ஆடுகள் எதை நக்கியிருக்கும்? எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போன வாரம் வீட்டில் மிக்சி நின்றுவிட்டது. இதற்கெல்லாம் மெக்கானிக் எதற்கு என்று ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து ரஞ்சிதத்தின் குரல் வந்தது.

“ம்மே...”