காத்துவண்டி அண்ணன் ஃபேன் போட்ட நாள்

காற்றைக் கண்டால் காத்துவண்டி அண்ணனைப் போல நடுங்கிய மனிதர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே இருந்திருக்க முடியாது. இத்தனைக்கும் மனிதர் ஆயுள் முழுக்கச் செய்தது காற்றில் ஓடும் வண்டிகள்!

தொண்ணூறுகளில் திருவையாற்றுக் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். வீட்டுக்கு ஒருவர் துபாய்க்கும் குவைத்துக்கும் கிளம்பிப்போன காலம். அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை வந்தால் பூத் வாசலில் பந்திக்கு நிற்கிற மாதிரி கூட்டம் நிற்கும். அண்ணன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். கவுண்டரில் குனிந்து அட்டையில் சக்கரம் வெட்டிக்கொண்டிருப்பார்.

எல்லாம் ஒரு பக்கோடாவால் வந்தது. பொட்டலம் கட்டிவந்த புத்தகத்தாளில் ஒரு படம். அதில் கடற்கரை மணலில் ஒரு வண்டி பாய்மரம் கட்டிக்கொண்டு ஆட்களோடு பறந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஹாலந்து இளவரசர் ஒருவர் விருந்தாளிகளை ஏற்றி ஓட்டியதாம். மாடு கிடையாது, குதிரை கிடையாது, காற்றுதான். அண்ணன் பக்கோடாவைச் சாப்பிடவே மறந்துபோனார். பிறகு சீனத்துப் பாய்மரத் தள்ளுவண்டி, பட்டம் இழுத்த இங்கிலாந்து வண்டி என்று நூலகம் நூலகமாகத் தேடிப்பிடித்து, அத்தனையையும் காகிதத்தில் செய்தார். வண்டிக்குக் கல்யாணப் பத்திரிகை, அச்சுக்கு ஈர்க்குச்சி, பாய்க்கு ஏர்மெயில் தாள், ஒட்டுவதற்கு மைதாப் பசை.

யாராவது பத்திரிகை வைத்தால் முதலில் விரலால் தடவிப் பார்ப்பார்.

“பொண்ணு யாருண்ணே?” என்று, பூத்தே கதியென்று கிடந்த பையன்கள் நாங்கள் கேட்போம்.

“அதெல்லாம் படிக்கலை. அட்டை பிரமாதம். குடும்பத்தோட போறோம்.”

மெல்லிய அட்டை அடித்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். “சக்கரத்துக்கே ஆகாத அட்டை அடிச்சவன் சோறு எப்படிப் போடுவான்?”

பூத்தில் டேபிள் ஃபேன் ஒன்று உண்டு. துண்டு போர்த்தி மூலையில் வைத்திருப்பார். போட்டால் வண்டி பறந்துவிடுமே!

“அண்ணே, வேகுதுண்ணே. ஃபேனைப் போடுங்க.”

“ஆத்தங்கரைல போய் நில்லுங்க. இங்க சீனாக்காரன் வண்டி காயுது.”

ஆடி மாதம் ஊரெல்லாம் காற்று பிய்த்துக்கொண்டு போகும். அண்ணன் ஜன்னலை அடைத்து எங்களை அவித்து எடுப்பார்.

பக்கத்து டீக்கடைக்காரர் தினமும் கிண்டலடிப்பார். “ஒரு வண்டியாவது ஓடியிருக்காய்யா?”

“ஓடும். தஞ்சாவூர்ல ஓடும்.”

தஞ்சாவூரில் கைவினைக் கண்காட்சி வருவதாக இருந்தது. அதற்காக மாசக்கணக்கில் இளவரசரின் வண்டியைச் செய்தார். முழ நீளம், இரண்டு பாய்மரம். ஒத்திகை பார்க்கச் சொன்னால் கோபம் வந்துவிடும். முதல் ஓட்டம் சபையில்தான் என்பார். தான் செய்த ஒரு வண்டி ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

கண்காட்சிக்கு முதல் நாள். வண்டி கவுண்டரில் காய்ந்துகொண்டிருந்தது. என் அக்கா, குவைத்தில் இருந்த அத்தானோடு பேசக் கண்ணாடிக் கூண்டுக்குள் போனாள். கூண்டுக் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசினால் தெருவுக்கே கேட்கும்.

“என்னங்க, இந்த வருஷமும் வரலையா? புள்ள நடக்கவே ஆரம்பிச்சிட்டான். நீங்க இன்னும் அவன் மொகத்தையே பாக்கலியே…”

அப்புறம் விசும்பல். வரிசையே காதைத் தீட்டிக்கொண்டது. எனக்கு அவமானமும் அழுகையுமாக வந்தது.

அண்ணன் வண்டியைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். துண்டை உருவிப் போட்டுவிட்டு ஃபேனை முழு வேகத்தில் தட்டிவிட்டார். லாரி கிளம்புகிற மாதிரி கடகடவென்று ஒரு சத்தம்! அக்காவின் அழுகை அதில் அமுங்கிப்போயிற்று. அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி, கூண்டுக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் ஓடியது. பாய் இரண்டும் புடைக்க, சக்கரம் நான்கும் சுழல, கவுண்டரின் இந்தக் கோடியிலிருந்து இளவரசர் வண்டி கிளம்பியே விட்டது!

“அண்ணே! ஓடுதுண்ணே! திரும்புங்க!”

“சத்தம் போடாதீங்கப்பா, அந்தப் பொண்ணு பேசுது” என்றார், திரும்பாமலே.

வண்டி அந்தக் கோடி வரை போய், கவுண்டரை ஒட்டிக் கீழே டீக்கடைக்காரர் வைத்திருந்த கிளாஸ் கழுவும் வாளியில் தொபுக்கென்று விழுந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “லைன் கிளியரா இருந்துச்சாம்மா?” என்று மட்டும் அண்ணன் கேட்டார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அப்புறம்தான் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். மைதா கரைந்து எல்லாம் கூழாகியிருந்தது. மறுநாள் அவர் தஞ்சாவூர் போகவில்லை.

“நேரா ஓடுச்சாடா?” என்றார் என்னிடம்.

“அம்பு மாதிரிண்ணே.”

பூத் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அக்கா மகனே சிங்கப்பூர் போய்விட்டான். ஊருக்குப் போனால் அண்ணனைப் பார்க்காமல் நான் வருவதில்லை. போனதும் அதே கேள்விதான்: “அன்னிக்கு எவ்வளவு தூரம்டா ஓடுச்சு?” வருஷத்துக்கு வருஷம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வருகிறேன். போன தடவை காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டேன்.

“புளுகாதடா!” என்று சிரித்தார். சிரித்து முடித்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அப்புறம்?” என்றார்.

இந்தத் தடவை தஞ்சாவூர் வரைக்கும் ஓட்டிவிட்டுத்தான் மறுவேலை.